வெள்ளை நரிக்குக் கொடுத்த தீவு

ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கழுத்துவலி எப்படி இருக்கிறது? நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிட்டாயா? இங்கே உன் அண்ணன் நலமாக இருக்கிறார். அதுதான் எனக்கு எரிகிறது.

இந்தக் காலத்தில் காகிதத்தில் யார் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் பேசினால் அவர் காதில் விழும். மெயிலுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கும் கடவுச்சொல் அவருக்குத் தெரியும். தெரிந்ததால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, கிளினிக் விலாசத்துக்கு அனுப்பு. பிசியோதெரபி அறையில் என் மேஜையைத் தொட யாருக்கும் தைரியம் கிடையாது.

உன் அண்ணன் வெளிநாட்டில் லிப்ட் பொருத்தும் வேலையில் இருந்த நான்கு வருஷமும் நாங்கள் குடித்தனம் நடத்தியது தீவுலகத்தில். உன் தொழிலே அதைச் சுற்றித்தான் என்பதால் உனக்கு விளக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு கடல், ஆளுக்கொரு தீவு, அதில் நம்முடைய பொம்மை உருவம் நடமாடும். நோயாளிகளின் தோளையும் முழங்காலையும் பிசைந்துவிட்டு வந்து, அதே கையால் நான் அந்தத் தீவைக் கட்டினேன். நடுவில் ஒரு குளம். குளத்தைச் சுற்றிப் படி. மழை பெய்தால் சத்தம் கேட்க வேண்டும் என்று தகரக் கூரை போட்ட வீடு. அவர் வேலை முடிந்து வந்து படியில் உட்காருவார். அவருடைய உருவத்துக்குத் தலை நிறைய முடி. எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்பேன், சிரிப்பார். நான் சந்தோஷமாக இருந்தது அங்கேதான் குட்டி. அவர் ஊர் திரும்பிய பிறகு இல்லை.

அவர் வந்த பின் நான் உள்ளே போவதை விட்டுவிட்டேன். போன வாரம் கை ஒடிந்து வந்த ஒரு பெண்ணுக்கு, விரலை அசைக்க இந்த விளையாட்டு நல்லது என்று என் குளத்தைக் காட்டப் போனேன். வாசல் அடைத்திருந்தது. உரிமையாளர் பெயர் வெள்ளை நரியாம். நோயாளி முன்னால் என் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“தீவை என்ன பண்ணீங்க?”

“ஓ, அதுவா. ஒருத்தங்க ரொம்ப ஆசைப்பட்டாங்க. கொடுத்துட்டேன்.”

“யாரு அந்த ஒருத்தங்க?”

“யாருன்னு தெரியல. நல்லா ரசிச்சாங்க. நீதான் அந்தப் பக்கமே போறதில்லையே, அப்புறம் என்ன?”

தீவு எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. என் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. என் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய் என் சம்மதத்தை அவரே கொடுத்துக்கொண்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். உன் அண்ணனுக்கு நெய்யும் பெண்டாட்டி வீட்டு நெய்.

நான் அழவில்லை. அவரையும் அந்த நரியையும் சும்மா விடப்போவதும் இல்லை. வழி சொல்.

உன் அண்ணி


ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

கழுத்து இருக்கிறது, வலியும் இருக்கிறது. உங்கள் இரத்த அழுத்தம் எப்படி? கோபத்தில் மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அண்ணன் செய்தது அநியாயம். இதைச் சொல்ல நான் சமரச அலுவலராக இருக்க வேண்டியதில்லை, தங்கையாக இருந்தாலே போதும்.

தீவுலகத்துச் சமரச மன்றமான எங்களிடம் இப்படிப்பட்ட வழக்குகள் தினமும் வருகின்றன. போன வாரம் ஒரு கணவனும் மனைவியும் கம்ப்யூட்டர் நாய்க்காக அடித்துக்கொண்டார்கள். நாய்க்கு உயிர் இல்லை, சண்டைக்கு இருந்தது. வெளிக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். தீவுலகத்தில் நுழையும்போதே தகராறு வந்தால் மன்றத்திடம்தான் வருவோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே போனாலும் இங்கேதான் திருப்பி அனுப்புவார்கள்.

அண்ணன் மேல் மட்டும் புகார் கொடுங்கள். திருட்டுச் சம்மதம் நிரூபணமானால் அவனைத் தீவுலகத்திலிருந்து நாடு கடத்தலாம். ஆயுளுக்கும் உள்ளே வர முடியாது, உருவத்தையே அழித்துவிடுவார்கள், அந்த முடியோடு. அதைக் கேளுங்கள், விடாதீர்கள். வாங்கியவரை விட்டுவிடுங்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அவர் யார் என்றும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். எதிராளி தோற்றால்தான் முகமூடியைக் கழற்றிப் பெயரை வெளியிடுவது வழக்கம்.

நான் சொல்லிக்கொடுப்பது வெளியே தெரியக் கூடாது. எங்கள் மன்றத்தில் வேலை செய்பவர்கள் சொந்தக்காரர் வழக்கில் மூக்கை நுழைக்கக் கூடாது, தீவும் வைத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்தால் அன்றே சீட்டுக் கிழியும்.

அப்பா வீடு எப்படி இருக்கிறது? அண்ணன் மாடி எடுத்ததாகக் கேள்வி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நான், கட்டி முடித்த பிறகு பார்க்கவே இல்லை.

அன்புடன்,
குட்டி


பிப்ரவரி 6

அன்புள்ள குட்டிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். உன் அண்ணனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதால் வேலை செய்வதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ சொன்னதில் பாதி பிடித்தது. நாடு கடத்தக் கேட்பேன். ஆனால் நரியை விட மாட்டேன். ஆசைப்பட்டவருக்கு, இது யார் கட்டியது என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதா? உன் அண்ணனுக்கு அந்த ஆளோடு தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். இல்லை என்று அடித்துச் சொல்கிறார். பொய் சொல்லும்போது அவர் காதைத் தடவுவார், இதைச் சொல்லும்போது தடவவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. வைப்பாட்டிக்குக் கொடுத்தார் என்றால்கூட ஒரு காரணம் இருக்கும்.

வீட்டைக் கேட்டிருந்தாய். கீழே பின்பக்கம் முழுவதும் இடித்து மாடிப்படி எடுத்தாயிற்று. நீ கையெழுத்துப் போட்ட மறு வருஷமே, தொழிலில் ஏதோ சிக்கல் வரும் என்று பயந்து வீட்டை என் பேருக்கு மாற்றினார். அதனால் எனக்குக் கிடைத்தது வீட்டு வரி ரசீது மட்டும். என் தங்கை மனசார விட்டுக்கொடுத்தாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த நல்ல மனசு எனக்கு இல்லை குட்டி. நான் ஒரு செங்கல்லைக்கூட விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

புகாரை எப்படி எழுதுவது என்று விவரமாக எழுது.

உன் அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். வேலை அதிகம், நடுவில் ஜலதோஷம். நீங்கள் நலம்தானே?

மனசார என்று அண்ணன் சொன்னானா. சரி.

புகாரில் உணர்ச்சி வேண்டாம். எந்தக் காலத்தில் எதைக் கட்டினீர்கள், அப்போது அண்ணன் எங்கே இருந்தான் என்று மட்டும் எழுதுங்கள். உள்ளே வைக்கும் ஒவ்வொரு கல்லும் யார் கை வைத்தது என்று பதிவில் இருக்கும், மன்றம் அதை எடுத்துப் பார்க்கும். அதுவே போதும், அண்ணன் கதை முடிந்தது.

நரி விஷயத்தில் மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம். இரண்டு எதிராளி என்றால் வழக்கு இழுக்கும். அண்ணன் தோற்பதைப் பார்க்க வேண்டும் என்றுதானே நமக்கு ஆசை?

அன்புடன்,
குட்டி


மார்ச் 24

அன்புள்ள குட்டிக்கு,

ஜலதோஷத்துக்கு ஆவி பிடி. தொழிலில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் உன் மூக்கு உன் சொல் கேட்காது.

இரண்டு பேர் மேலும் புகார் கொடுத்துவிட்டேன். உன் ஆசை உன் அண்ணன் தோற்பது. எனக்குத் தீவும் வேண்டும்.

மன்றத்திலிருந்து உன் அண்ணனுக்கு நோட்டீஸ் வந்தது. கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வரை வந்தார்.

“என் மேல கேஸ் போட்டிருக்கியா நீ?”

“ஆமா.”

“ஒரு பொம்மை வீட்டுக்கா? நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?”

“சிரிக்கட்டும். உங்களைத்தான் பார்த்துச் சிரிப்பாங்க.”

பிறகு, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. போடவில்லை.

தல ஆய்வும் கேட்டிருக்கிறேன். புகார்ப் படிவத்தின் கடைசியில் அப்படி ஒரு வசதி இருப்பதை நீ எனக்குச் சொல்லவில்லை, நானாகப் பார்த்தேன். மன்றத்து அதிகாரி ஒருவர் இரண்டு தரப்பையும் கூட்டிக்கொண்டு தீவைச் சுற்றி நடப்பாராம். நரியும் வந்தாக வேண்டும். பேச வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், ஆனால் வர வேண்டும். வரட்டும். என் குளத்துப் படியில் நின்று ஒரு பார்வை பார்க்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 31

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன். தல ஆய்வை வாபஸ் வாங்குங்கள். அதனால் உங்களுக்கு லாபம் இல்லை, பதிவே போதும். வாங்கியவர்கள் இடத்தை மாற்றியிருப்பார்கள், பார்த்தால் உங்களுக்குத்தான் வேதனை. நான் பலரைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் கேளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டி


மே 4

குட்டி,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

ஆய்வு நடந்தது. அதிகாரி மரியாதையான ஆள். குடை பிடித்த ஒரு கொக்கு உருவத்தில் வந்தார், அதுதான் மன்றத்தின் சீருடையாம். பின்னால் நரி வந்தது. வெள்ளையாக, சின்னதாக, ஒரு சத்தம் இல்லாமல். உன் அண்ணனும் வந்தார். தலையை ஒரு பக்கமாக வாரிக்கொண்டு வந்திருந்தார்.

தகரக் கூரை அப்படியே இருந்தது. ஆனால் குளத்தைக் காணோம். மண் போட்டுத் தூர்த்து, படிகளைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு சின்ன அறை கட்டியிருந்தது. “இது உங்களுடையதா?” என்று கொக்கு கேட்டார். இல்லை என்றேன். அதையும் பதிவு செய்ய வேண்டும், உள்ளே போய்ப் பாருங்கள் என்றார். நரி வாசலிலேயே நின்றுவிட்டது.

உள்ளே சிவப்புத் தரை. மூலையில் மட்டும் ஒரு கல் பச்சை. தாழ்ப்பாள் நிற்காத ஜன்னல், அது அடித்துக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் மடித்துச் சொருகிய அட்டை. அலமாரி பெயர்ந்து விழுந்த இடத்தில் சுவரில் நாலு ஓட்டை. கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து கறுத்துப்போன சுண்ணாம்பு.

கல்யாணமான புதிதில் உன் அண்ணன் நைட் ஷிப்ட் போன நாட்களில் உன் அறையில், அந்தக் கட்டிலில் உன் பக்கத்தில்தான் நான் படுத்திருக்கிறேன். அட்டையை மடித்துச் சொருகுவது நீ. விழுந்தால் எழுந்து மறுபடி சொருகுவதும் நீ. அந்த அறையை யாரும் படம் எடுத்தது கிடையாது. மாடிப்படிக்காக இடித்த பிறகு அது எங்கேயும் கிடையாது, உன் தலைக்குள்ளேயும் கொஞ்சம் என் தலைக்குள்ளேயும் தவிர.

நீதான் நரி.

கொக்கிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. தீர்ப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் நீ சொல்.

அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிகிறது. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

ஆமாம், நான்தான். எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இவ்வளவு நாளாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கும் கடிதமாக ஒன்றுகூட வரவில்லை, அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

அப்பா இறந்த பிறகு ஒருநாள் அண்ணன் நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்தான். “பேங்க்ல ஒரு கையெழுத்து வேணும் குட்டி, சும்மா ஒரு இதுக்கு.” சாப்பாட்டு இடைவேளை. கையில் டிபன் பாக்ஸ், அதன் மூடி மேலேயே காகிதத்தை வைத்துப் போட்டேன். அண்ணனாயிற்றே என்று படிக்கவில்லை; வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது. லீவில் வந்தபோது என் அறையை இடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டேன். “அதான் கையெழுத்துப் போட்டியே,” என்றான். கொத்தனாருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன். அன்றைக்குக் கொடுத்த தண்ணீரை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

நான் ஒரு தப்பான வார்த்தை பேசி அவனிடம் தீவை வாங்கவில்லை. வேறு பெயரில் உள்ளே போனேன், புகழ்ந்தேன், அவ்வளவுதான். என்ன அழகான வீடு, என்ன கற்பனை என்று. “எல்லாம் என் கையால கட்டினது,” என்றான். இன்னும் கொஞ்சம் புகழ்ந்தேன், கொடுத்தே விட்டான். புகழ்ந்தால் எதையும் கொடுப்பான், யாருடையது என்று பார்க்க மாட்டான். அவன் பறித்ததுபோல் அவனிடமிருந்து பறிக்க வேண்டும், கேட்டால் ‘நீதானே சம்மதம் கொடுத்தாய்’ என்று சொல்ல வேண்டும். அதுதான் திட்டம். நீங்கள் அங்கே போவதையே விட்டுவிட்டீர்கள், உங்களுக்கு அது முடிந்துபோன விஷயம் என்று நினைத்தேன்.

அறையைக் கட்டியிருக்கக் கூடாது. எல்லா விதியும் தெரிந்த நான் அதை மட்டும் கட்டாமல் இருக்க முடியவில்லை. முடித்ததும் நரியாகவே அண்ணனைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திக் காட்டினேன், ஒரு நொடியாவது அவன் முகம் மாறும் என்று. “இது என்ன, ஸ்டோர் ரூமா?” என்றான்.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போகும். சொல்வதானால் சொல்லுங்கள்.

குட்டி


ஜூன் 29

குட்டி,

நீ கேட்டதால் சொல்கிறேன், நலமாகவே இருக்கிறேன். கடிதம் படித்த அன்று ஒரு நோயாளியின் தோளைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டேன், அவ்வளவுதான்.

உன் அண்ணனிடம் உனக்கு இருக்கும் கோபம் நியாயம். அதற்கு என் குளத்தைத் தூர்த்தது நியாயம் இல்லை. அவர் உன் அறையை இடித்தார், நீ என் குளத்தைத் தூர்த்தாய். அவருக்கு என்ன போயிற்று? மாமனார் வீட்டிலும் அவர் செங்கல் தூக்கவில்லை, தீவிலும் தூக்கவில்லை. நீயும் நானும் கட்டியதில் நீயும் நானும் அடித்துக்கொள்கிறோம், நடுவில் அவர் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்கிறார். நீ நேராக என்னிடம் வந்திருந்தால் நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரை ஒரு வழி பண்ணியிருக்கலாம். வராமல் என்னையும் ஏமாற்றினாய். புகாரை நீயே சொல்லிக்கொடுத்தாய், உன்னை விட்டுவிடச் சொன்னாய். அதை நான் மன்னிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வேண்டாம்.

‘எல்லாம் என் கையால கட்டினது.’ அவர் சொன்ன இந்த ஒரு வரிக்காகத்தான் கீழே எழுதும் ஏற்பாடு.

நீ தீவை என் ஒருத்தி பேருக்குத் திருப்பிக் கொடு. சமரசமாகிவிட்டால் மன்றம் நரியின் முகமூடியைக் கழற்றாது, உன் வேலை பிழைக்கும். உன் அண்ணன் மேல் உள்ள புகாரை நான் எடுக்க மாட்டேன். அவர் நாடு கடக்கட்டும்.

பதிலுக்கு மாமனார் வீட்டை உன் பேருக்குத் தானமாக எழுதித் தருகிறேன். பாதி இல்லை, முழு வீடும். சட்டப்படி அது என்னுடையது, எனக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உன் அண்ணனிடம் கேட்டாயா என்று நீயும் கேட்காதே, அவர் என்னைக் கேட்டாரா?

ஒரு நிபந்தனை பத்திரத்தில் இருக்கும். உன் அண்ணனுக்கு ஆயுள் முழுக்க அந்த வீட்டில் வசிக்க உரிமை உண்டு. நீ அவரை வெளியேற்ற முடியாது, வீட்டை விற்கவும் முடியாது. என்ன இருந்தாலும் கட்டின புருஷன், தெருவில் விட எனக்கு மனசு வரவில்லை. உன் வீட்டில் விட மனசு வருகிறது.

நான் கிளினிக்குக்கு மேலே ஒரு சின்ன இடம் பார்த்துவிட்டேன்.

அண்ணி


ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கு,

சம்மதம். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டே சொல்கிறேன்.

மாடியில் ஒரு ஆள் இருப்பார், அவ்வளவுதானே? ஊர் உலகத்துச் சண்டையெல்லாம் தீர்த்து வைக்கிறேன், என் அண்ணனைச் சமாளிப்பது எனக்கு ஒரு வேலையா? அவன் என் வீட்டில், என் தயவில் இருப்பதைப் பார்க்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வருவேன்.

உங்கள் உடம்பும் மனசும் தேறட்டும்.

குட்டி


நவம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? அப்பா வீட்டிலிருந்து எழுதுகிறேன், அதாவது என் வீட்டிலிருந்து. வந்து இரண்டு மாதம் ஆகிறது. மன்றத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை கேட்டிருக்கிறீர்களா? நான் அந்தக் கதைக்குள் குடியிருக்கிறேன்.

வீடு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று அண்ணனுக்குப் பத்திரத்தைக் காட்டினேன். அவன் இடிந்து உட்காருவான் என்று அந்த நேரத்துக்காகவே எத்தனை வருஷம் காத்திருந்தேன். முழுவதும் படித்துவிட்டு, “நல்லதாப் போச்சு, குடும்பத்துலதானே இருக்கு,” என்றான். பிறகு, “என் நீலச் சட்டை எங்க?” என்றான். அன்றிலிருந்து தினமும் ஒரு சட்டை.

நான் திரை முன்னால் உட்கார்ந்து கௌரவமாகச் சமரசம் பேசிக்கொண்டிருப்பேன், பின்னால் இடுப்பில் துண்டோடு அண்ணன் நடப்பான். போன வாரம் இரண்டு தரப்பும் சண்டையை மறந்து சிரித்தார்கள், வழக்கு முடிந்தது. என் சைக்கிளைக் காணோம் என்று தேடினேன். பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப ஆசைப்பட்டாராம், கொடுத்துவிட்டானாம். வெளியே போ என்று கத்தினேன். “ஆயுசுக்கும் உரிமை இருக்குன்னு நீதானே கையெழுத்துப் போட்டே,” என்கிறான். பத்திரத்தில் அந்த ஒரு வரி மட்டும் அவனுக்கு மனப்பாடம்.

மன்றம் அவனை நாடு கடத்தி உருவத்தை அழித்த பிறகு, நரி நான்தான் என்றும் சொல்லிவிட்டேன். தீவை நீ கட்டவில்லை, அண்ணி கட்டினார் என்றும் சொன்னேன். தலையைத் தடவிக்கொண்டான். பிறகு, “அந்த முடி மட்டும் திரும்பக் கிடைக்குமா, கேட்டுப் பாரேன்,” என்றான்.

அண்ணி, இங்கே என் அறை இருந்த இடத்தில் மாடிப்படி இருக்கிறது. அதன் அடியில் போய் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. தீவில் அந்த அறையை வைத்திருக்கிறீர்களா, இடித்துவிட்டீர்களா? விருந்தாளியாக ஒரு தடவை உள்ளே விடுவீர்களா? கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்கிறேன்.

குட்டி


நவம்பர் 19

குட்டி,

உன் கழுத்துவலி கூடியிருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். பயிற்சியை விடாதே.

குளத்தை மறுபடியும் வெட்டிவிட்டேன், வேறு இடத்தில். உன் அறையை இடிக்கவில்லை. பூட்டி வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் தீரும்போது திறப்பேன். எப்போது தீரும் என்று எனக்கே தெரியாது, நீயும் கேட்டு எழுதாதே. நான் தினமும் புதுப் படியில் போய் உட்காருகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. முதலில் ஒரு மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது.

உன் அண்ணன் போன வாரம் கிளினிக்குக்கு வந்தார். தோள் வலியாம். டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன், கையைத் தூக்கச் சொன்னேன், தோளில் ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தரையைப் பார்த்தார்.

“போதும், வீட்டுக்கு வா,” என்றார்.

“யார் வீட்டுக்கு?” என்று கேட்டேன்.

இத்தனை வருஷத்தில் என் கேள்விக்கு அவர் யோசித்துப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு யோசித்தார். வெளியே அடுத்த நோயாளி இருமினார்.

“தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்றேன்,” என்றார்.

வந்து கேட்பார். கேட்டால், முடியாது என்று சொல்லிவிடு.

அண்ணி